ஒரு மெத்திலுக்கு இவ்வளவு பாடா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வேறெதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, "மருந்து மூலக்கூறைப் புரதத்தில் ஒட்ட வைப்பது பெரிய வேலை இல்லை, மற்றதில் ஒட்டாமல் வைப்பதுதான் வேலை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். உதாரணத்துக்கு இமாட்டினிப் என்று ஒரு ரத்தப்புற்றுநோய் மாத்திரையின் பெயரையும் போட்டுவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை சமையல், வீட்டுச் செடி, பிள்ளைகளின் பரீட்சை பயம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. முழுக்கக் கைனேஸ்தான்.

*

கே: அம்மா, என் கணவருக்கு சிஎம்எல் என்ற ரத்தப்புற்றுநோய். தினம் 400 மில்லிகிராம் இமாட்டினிப், அவ்வளவுதான் சிகிச்சை. முடி கொட்டவில்லை, வேலைக்கும் போகிறார். "கேன்சருக்கு மாத்திரை போதுமா, ஏமாற்றுகிறார்களா?" என்று உறவுக்காரர்கள் கேட்டுக் கேட்டு எனக்கே பயம் வந்துவிட்டது. டாக்டர் கைனேஸ் என்கிறார். அது என்ன? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: முதலில் உறவுக்காரர்களிடம் சொல்லுங்கள், போதும் என்று. யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

கைனேஸ் என்பது ஒரு வகை நொதி. செல்லுக்குள் ஏடிபி என்ற மூலக்கூறு ஏராளமாக மிதந்துகொண்டிருக்கும், அதிலிருந்து பாஸ்பேட் என்ற ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து இன்னொரு புரதத்தின் மேல் வைப்பதுதான் இதன் தொழில். பாஸ்பேட் வைத்தால் பல நேரம் அந்தப் புரதம் ஓட ஆரம்பிக்கும், எடுத்தால் நிற்கும். மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற மாதிரி. சிஎம்எல் நோயில் என்ன ஆகிறது என்றால், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொள்கின்றன. பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் கண்டது அளவில் சிறுத்துப்போன ஒரு குரோமோசோமைத்தான். அது இப்படித் துண்டு மாறியதால் வந்தது என்று 1973இல் சொன்னவர் ஜேனட் ரோலி. மாறிய இடத்தில் பிசிஆர், ஏபிஎல் என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, நிற்கவே தெரியாத ஒரு கைனேஸ் பிறக்கிறது. தொட்டி நிறைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடுகிறது, மோட்டார் மட்டும் நிற்கவில்லை. வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

இமாட்டினிப் அந்த ஒரு மோட்டாரைத் தேடிப்போய் நிறுத்துகிறது. வேகமாகப் பிரியும் செல்களையெல்லாம் அடித்து நொறுக்குவது பழைய கீமோவின் வழி, அதனால்தான் அதில் முடி போகும். 1998 ஜூனில் மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்த சோதனையில், தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. அத்தனை பேரும் அதற்கு முன் கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள், அல்லது அதைத் தாங்க முடியாதவர்கள். பிறகு நடந்த பெரிய சோதனையில் இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இதை வெட்டி எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்புங்கள்.

*

கே: டாக்டர் சொன்ன மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டுமா, வெறும் வயிற்றிலா? – அதே வாசகி

ப: சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கிரேப்ஃப்ரூட் சாறு கூடாது. இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும், ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். நம் ஊர் பம்பளிமாஸ் அதன் நெருங்கிய சொந்தம், அதே வகைச் சரக்கு அதிலும் உண்டு. டாக்டரிடம் கேட்காமல் அதையும் தொட வேண்டாம்.

*

கே: அக்கா, நான் எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். இந்த மாதிரி மருந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புரதத்தின் வடிவத்தைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி வரைந்து, செய்துவிடுவார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். – ஒரு மாணவி, காரைக்குடி

ப: வகுப்பில் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இமாட்டினிப் விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ். அதன் நெருங்கிய சொந்தமான ஒரு மூலக்கூறு ஏபிஎல் கைனேஸில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற படிகப் படம் (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் எடுப்பது) வெளியானது 2000இல். அதற்குள் மருந்து மனிதர்களின் வயிற்றுக்குள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது!

கதை நடந்த இடம் ஸ்விட்சர்லாந்தின் பாஸல், சீபா-கைகி கம்பெனி (1996இல் சாண்டோஸோடு சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆனது). அலெக்ஸ் மேட்டர், நிக் லைடன், எலிசபெத் புக்டுங்கர், யூர்க் ஸிம்மர்மன் ஆகியோர் இருந்த குழு. கையில் இருந்த சேர்மங்களையெல்லாம் சோதித்துப் பார்த்ததில் ஃபீனைல்அமினோபிரிமிடின் என்ற ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. அது நிறுத்தியது புரோட்டீன் கைனேஸ் சி என்ற வேறொரு கைனேஸை. வந்த விருந்தாளி ஒருவர், சமைத்தது இன்னொருவருக்கு என்கிற மாதிரி ஆரம்பம். ஆனாலும் அந்த எலும்புக்கூடு சின்னது, செய்ய எளிது, எங்கே வேண்டுமானாலும் எதையாவது ஒட்டிப் பார்க்கலாம். மருந்து வேதியியலில் நல்ல ஆரம்பம் என்றால் அதுதான். ஆரம்பத்திலேயே பலமாக ஒட்டுகிற பெரிய மூலக்கூறைவிட, சுமாராக ஒட்டுகிற சின்ன மூலக்கூறு மேல் என்பது என் கட்சி.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பிரிமிடின் வளையத்தில் ஒரு பிரிடினை ஒட்டினார்கள், செல்லுக்குள் வேலை செய்யும் திறன் கூடியது. இன்னொரு பக்கத்து பென்சீன் வளையத்தில் ஒரு அமைடு, அதன் நுனியில் இன்னொரு வளையம். இப்போது டைரோசின் கைனேஸ் என்ற வகையையும் பிடித்தது, சிஎம்எல்லுக்குக் காரணமான பிசிஆர்-ஏபிஎல் உட்பட. ஆனால் புரோட்டீன் கைனேஸ் சி-யை விடவில்லை, இரண்டையும் பிடித்தது. இரண்டையும் பிடிக்கிற மருந்து வேண்டாம்.

இங்கேதான் அந்த மெத்தில் வருகிறது. நடு பென்சீன் வளையத்தில், அமினோவுக்குப் பக்கத்து இடத்தில் இருந்த ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு மெத்தில், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கொத்து. கூடிய எடை 14. முழு மூலக்கூறின் எடை 494. அந்த 14 என்ன செய்தது தெரியுமா? பக்கத்தில் இடம் போதாமல் இரண்டு வளையங்களும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டன, மூலக்கூறு தட்டையாகப் படுக்க முடியாமல் போனது. புரோட்டீன் கைனேஸ் சி-க்கு அந்த முறுக்கின வடிவம் பிடிக்கவில்லை, கைவிட்டுவிட்டது. ஏபிஎல் அப்படியே பிடித்துக்கொண்டது. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகைதான், ஆனால் மறுநாள் லேபில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி இதைச் சொல்லித் தொல்லை கொடுத்தது உண்மை.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இப்போது அது தண்ணீரில் கரையாது. நொதியை எவ்வளவு நன்றாக நிறுத்தினாலும், குடலில் ஆற்று மணல் மாதிரி கிடந்து வெளியே போகிற சரக்கை மாத்திரையாக்க முடியாது. அதனால் வாலில் மெத்தில்பைப்பரசைன் என்ற, நைட்ரஜன் உள்ள, தண்ணீருக்குப் பிடித்த ஒரு வளையம். அதை நேராக பென்சீன் வளையத்தில் ஒட்டினால் அனிலின் வகையாகிவிடும், அனிலின் வகை உடலில் உடைந்து டிஎன்ஏ-வைக் கெடுக்கலாம் என்ற பயம் எப்போதும் உண்டு. புற்றுநோய் மருந்தே புற்றுநோய் தந்தால் எப்படி? அதனால் நடுவில் ஒரே ஒரு கார்பனை இடைவெளியாக வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்னால் முழு மருந்தோடும் படிகப் படம் வந்தபோது பார்த்தால், கரைவதற்காக மட்டும் என்று ஒட்டின அந்த பைப்பரசைன் புரதத்தோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திட்டம் போட்டுச் செய்ததா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அமெரிக்காவில் பிரையன் ட்ரக்கர் என்ற டாக்டர், இந்தச் சேர்மங்களை வாங்கி சிஎம்எல் செல்களில் போட்டுப் பார்த்து, "இதுதான்" என்று கம்பெனியை விடாமல் துரத்தினார். கம்பெனிக்கு அரை மனசு, நோயாளிகள் எண்ணிக்கை குறைவு, வியாபாரம் ஆகுமா என்று. நாய்களில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தபோது அந்த அரை மனசும் ஆடியது. கடைசியில் 2001 மே 10ஆம் தேதி அமெரிக்க அனுமதி வந்தது, விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

*

கே: மனித உடலில் 500க்கும் மேல் கைனேஸ் இருக்கிறதாமே. எல்லாம் ஏடிபி-யைத்தான் பிடிக்கின்றன என்றால், ஏடிபி வந்து உட்காரும் குழியை அடைக்கிற மருந்து எல்லாவற்றையும்தானே அடைக்கும்? லாஜிக் இடிக்கிறதே. – ஒரு வாசகர், மதுரை

ப: இடிக்கிறதுதான். 1990களில் பல பெரிய ஆட்களும் இதே காரணம் சொல்லி, கைனேஸ் பக்கம் போகாதே என்றார்கள். 2002இல் எண்ணிப் பார்த்தபோது வந்த கணக்கு 518. அத்தனையும் ஒரே ரேஷன் கடையில் சரக்கு வாங்குகின்றன, எல்லாருடைய பையும் ஒரே மாதிரி இருக்கிறது. 1977இல் ஜப்பானில் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுத்த ஸ்டாரோஸ்போரின் என்ற பொருள் உங்கள் பயத்துக்கு நல்ல சாட்சி, கண்ணில் பட்ட கைனேஸையெல்லாம் அடைக்கும். அதை அப்படியே மருந்தாகக் கொடுக்க முடியாது (அதன் வாரிசு ஒன்று, மிடோஸ்டாரின், 2017இல் வேறொரு ரத்தப்புற்றுநோய்க்கு வந்தது).

தப்பிக்கும் வழி இது. வேலை செய்யும்போது எல்லாக் கைனேஸும் கிட்டத்தட்ட ஒரே தோரணையில் நிற்கும். ஓய்வெடுக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாயும். இமாட்டினிப் ஏபிஎல் ஓய்வில் இருக்கும் வடிவத்தைப் பிடித்து, மறுபடி எழவிடாமல் செய்கிறது. ஏடிபி குழிக்குப் பின்னால் அப்போது மட்டும் திறக்கிற ஒரு சந்து உண்டு, அந்த அமைடும் வாலும் அதற்குள்தான் நுழைகின்றன. அப்படியும் அது ஏபிஎல்லோடு நிற்பதில்லை, கிட் என்ற கைனேஸையும் பிடிக்கும். அதில் ஒரு நன்மை, கிட் கெட்டுப்போவதால் வரும் ஒரு வகை இரைப்பை-குடல் கட்டிக்கும் 2002இல் இதே மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஆக, சுத்தமாக ஒன்றை மட்டும் பிடிக்கும் மருந்து என்று விளம்பரத்தில் போட்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. சோதனைக் குழாயில் நாம் போடும் ஏடிபி கொஞ்சம். நிஜ செல்லில் அது மில்லிமோலார் அளவில் நிரம்பி வழியும். குழாயில் சூரனாக இருந்த சேர்மம் செல்லுக்குள் போய் அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் திரும்பி வரும். இந்த ஏமாற்றம் கைனேஸில் வேலை செய்த எல்லாருக்கும் ஒரு முறையாவது நடந்திருக்கும்.

*

கே: எங்கள் ஊர் மஞ்சளில் உள்ள குர்குமின் பல கைனேஸ்களை அடைக்கிறது என்று ஏகப்பட்ட ஆராய்ச்சி இருக்கிறதே? நம் பாட்டி வைத்தியத்தை மறைத்துவிட்டு வெளிநாட்டு மாத்திரையைப் புகழ்கிறீர்களே? – ஒரு வாசகர், ஈரோடு

ப: மஞ்சள் ஊர்க்காரரோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை, என் வீட்டு ரசத்திலும் உங்கள் மஞ்சள்தான். ஆராய்ச்சிகள் ஏகப்பட்டது இருக்கின்றன என்பதும் உண்மை. பிரச்சனையே அந்த ஏகப்பட்டதில்தான். எதில் போட்டாலும் வேலை செய்கிற சேர்மத்தைப் பார்த்தால் மருந்து வேதியியலாளருக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். குர்குமின் தானே ஒளிரும், அதனால் ஒளியை அளக்கிற சோதனைகளைக் குழப்பும். புரதங்களோடு கண்டபடி வினைபுரியும். நடுநிலைத் தண்ணீரில் சில நிமிடங்களிலேயே சிதைய ஆரம்பிக்கும். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிக மிகக் குறைவு. 2017இல் வெளியான ஒரு விரிவான மதிப்பீடு, 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வெற்று மாத்திரையோடு மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் சரியான சோதனை எதிலும் அது ஜெயிக்கவில்லை என்றது. தவிர, 100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் இருப்பதே சில கிராம்தான்.

பாட்டி மஞ்சளைப் புண்ணில் வைத்தார், பாலில் போட்டார். கைனேஸை அடைக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. அதைச் சொன்னது நாம்தான். தயவுசெய்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாற வேண்டாம்.

*

கே: நல்லாய் வேலை செய்த மருந்து சில வருடங்களில் வேலை செய்யாமற் போவது ஏன்? என் தம்பிக்கு மருந்தை மாற்றிவிட்டார்கள். – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ப: எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, ஆகும்போது காரணம் பல. அதிகம் பேசப்படுவது ஏபிஎல் கைனேஸில் 315ஆம் இடத்து மாற்றம். அங்கே இருக்க வேண்டியது திரியோனின் என்ற அமினோ அமிலம், பின்சந்துக்குப் போகும் வாசலில் காவல் நிற்பது. இமாட்டினிப் உள்ளே போகும்போது அதோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டுதான் போகும். செல் பெருகும்போது எங்கோ ஒரு எழுத்துப் பிழையில் அந்த இடத்துக்கு ஐசோலூசின் வந்துவிட்டால் பிணைப்பும் போச்சு, காவல்காரர் பருமனாக இருப்பதால் வழியும் போச்சு. ஏடிபி-க்கு அந்தச் சந்து தேவையே இல்லை, அது பாட்டுக்கு வந்து போகும். மருந்து சாப்பிடச் சாப்பிட, மற்ற செல்கள் அடங்கி, இந்த மாற்றம் உள்ள செல்கள் மட்டும் வளரும். இது 2001இல், மருந்து வந்த அதே வருடமே தெரிந்துவிட்டது.

2006இல் டாசாட்டினிப்பும் 2007இல் நிலோட்டினிப்பும் வந்தன. மற்ற பல மாற்றங்களைச் சமாளித்தன, இந்த 315 மட்டும் அவற்றுக்கும் மசியவில்லை. 2012இல் பொனாட்டினிப் வந்தது. அதில் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். காவல்காரரை உரசும் இடத்தில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே முப்பிணைப்பு, குச்சி மாதிரி ஒல்லியாக, நேராக. பருமனான ஆள் நின்றாலும் பக்கத்தில் நுழைந்து போய்விடும். ஆனால் ரத்தக் குழாய் அடைப்பு அதிகம் வந்ததால் 2013 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தி, கடுமையான எச்சரிக்கையோடு திரும்ப விட்டார்கள். 2021இல் வந்த அசிமினிப் வாசல் பக்கமே போகாமல், புரதத்தின் வேறொரு மூலையில் இருக்கும் குழியில் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. தம்பிக்கு எதை, ஏன் மாற்றினார்கள் என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், மரபணு மாற்றப் பரிசோதனை செய்திருந்தால் அந்த முடிவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*

கே: இனி ஏஐ எல்லாவற்றையும் 46 நாளில் செய்துவிடும். உங்கள் துறைக்கு மூடுவிழா எப்போது? – ஒரு மென்பொருள் வாசகர், சோழிங்கநல்லூர்

ப: இன்சிலிகோ மெடிசின் என்ற கம்பெனி ஏஐ வைத்து 46 நாளில் ஒரு மருந்து மூலக்கூறு கண்டது என்ற அந்தச் செய்தி 2019இல் வந்தது, டிடிஆர்1 என்ற கைனேஸுக்கு. எண் சரிதான், மூலக்கூறும் வேலை செய்தது. ஆனால் அதில் சிறந்ததை வரைந்து பார்த்தால், மேலே சொன்ன பொனாட்டினிப்புக்குத் தம்பி மாதிரி இருக்கிறது என்று அனுபவஸ்தர்கள் சிலர் எழுதிக் காட்டினார்கள். படித்த புத்தகத்திலிருந்து பரீட்சை எழுதின கதை. அதற்காகக் கிண்டலோடு நிறுத்துவதும் நியாயமில்லை. அதே குழுமம் ஏஐ துணையோடு செய்த, டிஎன்ஐகே என்ற கைனேஸுக்கான ரென்டோசெர்டிப் என்ற மருந்து, நுரையீரல் தழும்பு நோய்க்காக 71 பேரிடம் நடந்த சோதனையில் நம்பிக்கை தரும் முடிவைக் காட்டி 2025இல் வெளியானது. அடுத்து பெரிய சோதனை தாண்ட வேண்டும். கணினி வரைந்ததைக் குடுவையில் செய்து, வடிகட்டி, சுத்தம் பண்ணி, எலிக்குக் கொடுத்துப் பார்க்கிற வேலை இன்னும் மனுஷர்களிடம்தான் இருக்கிறது. மூடுவிழாவுக்குப் பத்திரிகை அடித்தால் கண்டிப்பாக உங்களுக்கும் ஒன்று அனுப்புகிறேன்.

*

கே: இந்த மாத்திரை விஷயமாகச் சென்னையில் ஏதோ வழக்கு நடந்ததாமே? – ஒரு வாசகி, விழுப்புரம்

ப: நடந்தது, ஆரம்பமே சென்னைதான். இமாட்டினிப் மெசிலேட் என்ற அதன் உப்பு வடிவத்தின் பீட்டா வகைப் படிகத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரும் சட்டம் 2005இல்தான் வந்ததால் அதுவரை விண்ணப்பம் தூங்கியது, 2006 ஜனவரியில் நிராகரித்தார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கிடையாது என்று சொல்லிவிட்டது.

காரணம் முழுக்க வேதியியல். மூலக்கூறு ஏற்கனவே தெரிந்தது. பீட்டா படிகம் ஈரத்தை குறைவாக இழுக்கும், பொடி தடையின்றிச் சரிந்து ஓடும், நிலையாக இருக்கும். எல்லாம் மாத்திரை செய்பவருக்கு நல்லது. நோய் கூடுதலாகக் குணமாகுமா? அதைக் காட்டினால்தான் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவுப்படி காப்புரிமை. காட்டவில்லை. அப்போது பேசப்பட்ட விலை, கம்பெனி மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இந்தியத் தயாரிப்பு 8,000 முதல் 10,000 வரை. கம்பெனி பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்து வந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் கருத்து கேட்டால், மெத்திலை ஒட்டியவருக்குக் காப்புரிமை கொடுங்கள், படிகத்தை மாற்றியவருக்கு வேண்டாம்.

*

கே: சரி, நீங்கள் செய்த மூலக்கூறு எதாவது மருந்தாக வந்ததா? உண்மையைச் சொல்லுங்கள். – ஒரு வாசகர், கோவை

ப: வரவில்லை.

ஹைதராபாத்தில் நான் வேலை பார்த்த லேபில் ஒன்று கிட்டே வந்தது. நொதியில் அருமை, செல்லில் சுமார். சரி என்று ஒரு நைட்ரஜன் வளையத்தை ஒட்டினோம், செல்லிலும் அருமை, கரைந்தது, எலியின் ரத்தத்திலும் நின்றது. நாங்கள் பிரியாணி சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் இதயத்தின் பொட்டாசியம் வாய்க்காலையும் அது அடைக்கிறது என்று அறிக்கை வந்தது, இதயத் துடிப்பைக் கெடுக்கும் சமாச்சாரம், காரணம் நாங்கள் ஒட்டின அதே நைட்ரஜன். அதை எடுத்தால் செல்லில் வேலை செய்யாது, வைத்தால் இதயம். எட்டு மாதம் அந்த ஒரு மூலையை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மெத்திலும் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும். பிறகு திட்டத்தையே மூடிவிட்டார்கள். அந்தச் சேர்மத்தின் எண் இன்னும் ஞாபகம் இருக்கிறது, சொல்ல மாட்டேன், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.